அப்பா என்னை ‘நீங்க’ என்றார்

அந்தமானில், கராச்சர்மா பஸ் ஸ்டாப்பில் இறங்கி கான்ட்ராக்டர் வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். அப்படி ஒரு பெயர் எடுத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதிதான். ஆனால் கட்டட பிளானைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தாலும் படிப்பேன். ஒரு தளத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும் என்று இஞ்சினியர் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் வாயாலேயே சொல்லிவிடுவேன். கடல் பொங்கிய அந்த வருடம் பூமி ஆடியதே, அப்போதும் நான் கட்டிய சுவர் ஒன்றுகூட விழவில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம், எல்லாம் இன்னும் நிற்கிறது.

இதை எழுதுவதும் நானேதான். பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். வேறு எதிலும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஊரில் எனக்குப் பல பெயர். லேபர்கள் சேட் என்பார்கள். ஆபீஸ்காரர்கள் டேக்கேதார் சாப் என்பார்கள், கான்ட்ராக்டர் ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் ஆட்களுக்கு நான் வெறும் ஐயா. எல்லா வாயிலும் ‘வாங்க’, ‘உட்காருங்க’. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ‘நீ’ என்று கூப்பிடத்தான் ஆள் இல்லை.

என் அம்மா போனதோடு அது போயிற்று. என் மனைவி இருந்தவரை ‘என்னங்க’, ‘இந்தாங்க’தான். அவளும் போய் நாலு வருடம். அதற்குப் பிறகு என்னை ‘நீ’ என்று கூப்பிட ஒரே ஒரு ஆள் வந்தது. ஏழு வயசு, முன்பல் இரண்டு இல்லை. என் பேத்தி. அவளையும் நானே விரட்டிவிட்டேன். நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமை மகள் மட்டும் போன் செய்கிறாள். பேத்தி போனுக்கு வருவதில்லை. ‘விளையாடுதுப்பா’ என்கிறாள் மகள். ‘தூங்குதுப்பா’ என்கிறாள். பகல் பதினோரு மணிக்கு எந்தப் பிள்ளை தூங்கும்?

அவள் மறுபடி என்னிடம் பேசுவாளா? கட்ட வேண்டியதையெல்லாம் கட்டி முடித்த எனக்கு இப்போது மிச்சமிருக்கிற கவலை அது ஒன்றுதான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் லாங் ஐலண்டில் ஆரம்பிக்க வேண்டும்.

லாங் ஐலண்ட், போர்ட் பிளேருக்கு வடக்கே ஒரு சின்னத் தீவு. அங்கே என் அப்பாவுக்கு மர டிப்போவில் வேலை. ராமநாதபுரம் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து கப்பலேறி வந்தவர். யானைகள் காட்டிலிருந்து மரத்தை இழுத்து வந்து போடும். அதை அடுக்குவது, உருட்டுவது, பிளப்பது எல்லாம் அப்பாவும் அவர் கூட்டாளிகளும். அவர்களில் தமிழர் பத்துப் பேர் இருப்பார்கள். மற்றவர்கள் பெங்காலி, தெலுங்கு, மலையாளம், ராஞ்சிக்காரர்கள். ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது, அதனால் எல்லோருக்கும் இந்தி. அந்த இந்தியைக் கேட்டால் டெல்லிக்காரன் காதைப் பொத்திக்கொள்வான். எங்களுக்கு அது போதும். மரமும் நகர்ந்தது, சோறும் வெந்தது.

அப்பா கண்டிப்பான ஆள். கண்டிப்பு என்றால் இந்தக் காலத்து அப்பாக்கள் செல்போனைப் பிடுங்கி வைக்கிறார்களே, அது இல்லை. அவர் வீட்டுக்குள் வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும். சாப்பிடும்போது பேசக்கூடாது. விசில் அடிக்கக்கூடாது. சிரித்தால் பல் தெரியக்கூடாது. கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் பிள்ளையை அடிக்கப் பிரம்பைக் கடையில் வாங்குவார்களாம். எங்கள் தீவில் காட்டுக்குள் கை நீட்டினால் பிரம்பு. அப்பா ஒன்று முறிவதற்குள் அடுத்ததை வெட்டிக் கூரையில் செருகி வைத்துவிடுவார்.

எல்லாச் சட்டத்துக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. ‘ங்க’. அப்பாவிடம் எதைச் சொன்னாலும் கடைசியில் ‘ங்க’ இருக்க வேண்டும். வாங்க, போங்க, ஆமாங்க, இல்லைங்க. அது இல்லாமல் வாய் மூடினால் பிரம்பு. எனக்கு இது பெரிய கஷ்டம். ஏனென்றால் வெளியே நாள் முழுக்க இந்தி. எங்கள் தீவு இந்தியில் மரியாதைக்கென்று தனிச் சொல் கிடையாது, எல்லோரும் ‘தும்’தான். தும் என்றால் நீ. ரேஞ்சரும் தும், மளிகைக் கடைக்காரரும் தும், யானையும் தும். நாள் முழுக்கத் தும் தும் என்று கத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் நாக்கைக் கழுவிப் போட வேண்டும். ஒரு தடவை விளையாடிவிட்டு ஓடிவந்த வேகத்தில் ‘அப்பா, நீ எப்ப வந்தே?’ என்றுவிட்டேன். முதுகில் மூன்று கோடு. ஒரு வாரம் மல்லாந்து படுக்க முடியவில்லை.

“ஊரு பூரா தும்முனு தும்மிக்கிட்டுத் திரியிது” என்பார் அப்பா. “என் வீட்டுக்குள்ள அந்தத் தும்மல் கேக்கக்கூடாது.”

அவர் செய்த ஒரே தமாஷ் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கும் நாங்கள் பல் தெரியாமல்தான் சிரித்தோம்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். பள்ளிக்கூடம் லீவு. அம்மா சோற்றுத் தூக்கைக் கொடுத்து அப்பாவிடம் அனுப்பினார். டிப்போவில் ஒரே பரபரப்பு. மெயின்லேண்டிலிருந்து புதிதாக ஒரு அதிகாரி வந்து அடுக்கிய மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கத்திக்காரர். நல்ல வெயில், மனுசன் வியர்த்து ஊற்ற நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. என் அப்பாதான் ஓடினார். ஒரு மரத்துண்டை உருட்டிக்கொண்டு வந்து நிழலில் போட்டு, தோள் துண்டால் துடைத்து, குனிந்து நின்று சொன்னார்.

“சாப், தும் இதர் பைட்டோ.”

ஐயா, நீங்கள் இங்கே உட்காருங்கள் என்று அர்த்தம். அதாவது அப்பா மனசில் அந்த அர்த்தம்.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. “தும்? யாரைப் பார்த்துத் தும்?” என்று இந்தியில் கத்தினார். பெரியவர்களை ‘ஆப்’ என்றுதான் சொல்ல வேண்டுமாம், நம்ம ‘நீங்க’ மாதிரி. அப்படி ஒரு சொல் அந்தப் பாஷையில் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. “சொல்! ஆப் பைட்டியே! மூணு தடவை சொல்!” என்றார் அதிகாரி.

அப்பா வாய் தமிழ் வாய். ‘ஆப்’ என்று உதட்டை மூடி அங்கேயே நிறுத்த வரவில்லை. “ஆப்பு பைட்டியே” என்றார்.

அவர் கையில் அப்போது மரம் பிளக்கிற ஆப்பு இருந்தது. அதைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டார். ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி முகத்தைப் பார்த்து “ஆப்பு பைட்டியே. ஆப்பு பைட்டியே” என்கிறார்.

கூட இருந்த தமிழ் ஆட்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் குனியவில்லை. சிரித்துவிட்டேன். பல் தெரிய, சத்தமாக, கையில் இருந்த தூக்கு குலுங்கச் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து ராஞ்சிக்காரர்கள் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியாமலே பெங்காலிகள் சிரித்தார்கள். அதிகாரி உட்காராமலே போய்விட்டார். அப்பா மரத்துண்டை உருட்டி அதன் பழைய இடத்தில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு அந்தப் பார்வை மறந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கூரையிலிருந்து பிரம்பை நானே எடுத்துத் திண்ணையில் வைத்தேன். அவர் தேட வேண்டாம் என்றுதான். சாயங்காலம் அப்பா வந்தார். கை கால் கழுவினார். பிரம்பைப் பார்த்தார், எடுக்கவில்லை. உட்கார்ந்தார்.

“வாங்க” என்றார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், யாரோ விருந்தாளி என்று. யாரும் இல்லை.

“உங்களத்தான். உட்காருங்க. சாப்பிட்டீங்களா?”

அம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். “சின்னப் பையன், தெரியாமச் சிரிச்சுட்டான். ரெண்டு அடி போட்டு விட்டுடுங்க” என்று கெஞ்சினார்.

“சின்னப் பையனா?” என்றார் அப்பா, அமைதியாக. “அப்பன் மானம் போறப்ப நின்னு சிரிக்கிற அளவுக்குப் பெரிய மனுசன். பெரிய மனுசனுக்கு மரியாதை குடுக்க வேணாமா?”

அன்றையிலிருந்து அவர் என்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டார். ஒரு நாள் ரெண்டு நாள் என்று நினைத்தேன். வாரம் ஆயிற்று. வருடம் ஆயிற்று. அடி முழுக்க நின்றுவிட்டது. கூட விளையாடுகிற பயல்கள் “உனக்கென்னடா, கொடுத்து வச்சவன்” என்றார்கள். நானோ கூரையில் இருந்த பிரம்பு காய்ந்து வெடிப்பதைத் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடி வாங்க நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். சாப்பிடும்போது பேசினேன். வாசலில் நின்று விசில் அடித்தேன். ஒரு நாள் அரிக்கேன் விளக்குக் கண்ணாடியை அவர் முன்னாலேயே கை தவறியது மாதிரி கீழே போட்டேன். வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி. இதற்காவது ‘டேய்’ என்று ஒரு சத்தம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

“பார்த்து நடங்க” என்றார் அப்பா. “கால்ல குத்திரும்.”

துடைப்பத்தை எடுத்து அவரே பெருக்கினார்.

அந்த வீட்டில் மூன்று பேர். ஒருத்தர் என்னை விருந்தாளி மாதிரி நடத்துகிறார். விருந்தாளி என்றைக்காவது கிளம்பத்தானே வேண்டும். பதினாலு வயசில் கிளம்பினேன். போர்ட் பிளேருக்குப் போகிற கப்பலில் அம்மா ஒரு துணிப் பையோடு ஏற்றிவிட்டார். கப்பல் நிற்கிற ஜெட்டியில் அம்மா “நேரத்துக்குத் தின்னுடா, நீ பாட்டுக்குப் பட்டினி கெடக்காதே” என்று அழுதார். அப்பா கொஞ்சம் தள்ளி நின்றார். கப்பல் கயிற்றை அவிழ்க்கும்போது கிட்ட வந்தார். இப்போதாவது ‘நீ’ என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

“ஜாக்கிரதையா இருங்க” என்றார்.

போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இறங்கியபோது எனக்கு யாரையும் தெரியாது. அன்றைக்கே சிமெண்ட் மூட்டை சுமக்கச் சேர்ந்துவிட்டேன். எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை, இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். சிமெண்ட் சுமந்தேன், கலவை குழைத்தேன், கரண்டி பிடித்தேன், மேஸ்திரி ஆனேன், பிறகு மேஸ்திரிகளுக்கு வேலை கொடுத்தேன். எனக்குப் பின்னால் வந்த டிப்ளமாக்காரர்கள் இன்னும் ஸ்கூட்டரில் போகிறார்கள். கராச்சர்மாவில் முதல் இரண்டு மாடி வீடு என்னுடையதுதான் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அம்மா இறந்த பிறகு அப்பாவை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். பளிங்குத் தரை, மோட்டார் தண்ணீர். சுற்றிப் பார்த்துவிட்டு “நல்லா கட்டிருக்கீங்க” என்றார். ஆறு வருடம் இருந்தார். ‘தண்ணி குடுங்க’, ‘ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க’. வீட்டுக்கு வருகிறவர்கள், மகனுக்குக்கூட எவ்வளவு மரியாதை தருகிறார் பாருங்கள் என்று அசந்து போவார்கள். நான் டீ கொண்டுவரச் சொல்வேன்.

ஒரு நாள் காலையில் குளியலறையில் அவருக்குக் கால் வழுக்கிவிட்டது. நான் வாசலில் நின்றிருந்தேன்.

“டேய், புடிடா!”

பாய்ந்து பிடித்தேன். ஈர உடம்பு, எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது. படுக்க வைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு, “டாக்டருக்குச் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார்.

முப்பத்தைந்து வருடத்தில் ஒரே ஒரு ‘டா’. அதுவும் வழுக்கி விழுந்ததில் வந்தது. அடுத்த மாதம் அவர் போய்விட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

என் மகளை நானும் கண்டிப்பாகத்தான் வளர்த்தேன். ஆனால் ஒரு தடவைகூட அவளை ‘நீங்க’ என்று தண்டித்ததில்லை. அடிப்பேன், திட்டுவேன், அடுத்த நிமிடம் மறந்துவிடுவேன். அதுவே பெரிய மாற்றம் என்று எனக்குள் ஒரு நினைப்பு. என்னை அவள் ‘நீங்க’ என்றுதான் சொல்ல வேண்டும், நான் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அந்தச் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. நன்றாகப் படித்தாள். கூடப் படித்த பெங்காலிப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். ஒரு வருடம் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு நானே முன்னால் நின்று கட்டிவைத்தேன். ஊரே பேசியது. பேசினவர்கள் வீட்டிலேயே இப்போது தெலுங்கு மருமகளும் மலையாளி மருமகனும் இருக்கிறார்கள். அதிலும் நான்தான் முதல்.

இப்போது அவர்கள் புனேயில் இருக்கிறார்கள். வீட்டில் இந்தி. பேத்திக்குத் தமிழ் வந்தது என்னோடு போனில் பேசித்தான். ‘நீ சாப்பிட்டியா?’ என்று நான் கேட்பேன். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, ‘நீ சாப்பிட்டியா?’ என்று அவள் திருப்பிக் கேட்பாள். நான் சொல்வதைத்தானே பிள்ளை சொல்லும். தும் என்பதற்குத் தமிழில் நீ என்று அவள் புரிந்துகொண்டாள். ‘நீங்க’ என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது, என் அப்பாவுக்கு ‘ஆப்’ தெரியாதது மாதிரி. போனில் கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லையே.

போன கோடை லீவுக்கு வந்தார்கள். எனக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில் பேத்தி தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். மருமகன் அவளிடம், “ஸாரி, நான்தான் ஓரமா வச்சுட்டேன்” என்கிறான். தட்டியது அவள், ஸாரி சொல்வது அவன். நான் அரிக்கேன் கண்ணாடியை நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் என் வீட்டுக்குப் பின்னால் புதிய கட்டடத்துக்கு மேல்தள ஸ்லாப் போட்டோம். ஸ்லாப் போடுகிற அன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணி போடுவது என் பழக்கம். லேபர்கள் நாற்பது பேர், ஒரு இஞ்சினியர், என்னை மாதிரி நாலு கான்ட்ராக்டர்கள், அபெர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற என் சிநேகிதர் பாய். நான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிமெண்ட் சுமந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல இடத்துக்கு வந்துகொண்டிருந்தது கதை.

பேத்தி ஓடிவந்தாள். என் முழங்காலைப் பிடித்து ஆட்டினாள்.

“தாத்தா! நீ வா! நீ எவ்ளோ பேசுற! சோறு ஆறுது, நீ வந்து தின்னு!”

இஞ்சினியர் வெடித்துச் சிரித்தார். “டேக்கேதார் சாப், உங்களை மிரட்டவும் ஆள் இருக்கா!” என்றார். லேபர்கள் சிரித்தார்கள். மிக்ஸர் மெஷின் ஓட்டுகிறவன்கூட மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

அடித்துவிட்டேன். தோளில், ஒரே அடி.

“யாரைப் பார்த்துடி நீ-ங்கிறே?”

அவள் அழவில்லை. அண்ணாந்து பார்த்து இந்தியில் கேட்டாள்: “நீதானே தாத்தா அப்படிப் பேசுவே?” பிறகுதான் உதடு பிதுங்கியது.

சிரித்தவர்கள் எல்லோரும் பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். பாய் மட்டும் மெதுவாக, “என்ன கான்ட்ராக்டரே, பிள்ளை சோத்துக்குத்தானே கூப்பிட்டுச்சு” என்றார்.

உள்ளே போனபோது மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் எழுந்து நின்றாள். நாற்பது வயதாகப் போகிறது, இன்னும் எழுந்து நிற்கிறாள்.

“எங்க வீட்டுல யாரும் அவ மேல கை வச்சது இல்லப்பா.”

“ஒரு அடி. அதுக்கு இப்படியா? உன்னை நான் அடிக்காத அடியா? நீ என்ன கெட்டா போயிட்டே?”

“கெட்டுப் போகலப்பா. ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. நான் சின்னப்பிள்ளையில ஒரு தடவையாவது உங்ககிட்ட ஓடி வந்திருக்கேனா?”

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அவள் எழுந்து நிற்பது ஞாபகம் இருக்கிறது. கதவோரம் நிற்பது ஞாபகம் இருக்கிறது. பரீட்சை அட்டையைக் கொடுத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நிற்பது ஞாபகம் இருக்கிறது.

“இவ ஓடி வந்தா” என்றாள் மகள். “அவங்க அப்பா வீட்டுல தாத்தாவையும் ‘துமி’ன்னுதான் கூப்பிடுவாங்க, பெங்காலியில அது ‘நீ’. பிரியம் இருக்கிற இடத்துல அப்படித்தான். உங்களையும் அந்தக் கணக்குல வச்சிருந்தா.”

மறுநாள் காலை பிளேனில் போய்விட்டார்கள். டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டார்கள். ஏர்போர்ட்டில் பேத்தி என் பக்கம் வரவில்லை, அவள் அப்பாவின் மறுபக்கமாகவே நடந்தாள்.

இப்போது பத்து ரூம் வீட்டில் நான் ஒரு ஆள். மேல்மாடியை வாடகைக்கு விடவில்லை. அவர்கள் வந்தால் வேண்டுமே. வேலைக்காரம்மா காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். எதிர்வீட்டில் ஒரு சின்னப் பையன் அவன் அப்பனைப் பார்த்து “அப்பா, நீ வரியா இல்லையா?” என்று தெருவில் நின்று கத்துகிறான். அப்பன் “வரேன்டா, இருடா” என்று செருப்பு மாட்டுகிறான். முன்பெல்லாம் கேட்டால் எரிச்சல் வரும். இப்போது ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

பாயிடம் ஒரு நாள் வாய் விட்டுச் சொல்லிவிட்டேன், என்னை ‘நீ’ என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை பாய் என்று. அவர் கல்லாவில் உட்கார்ந்தபடி, “எங்க வீட்டுல ஏழு பேர் என்னை நீ, வா, போங்கிறாங்க. ரெண்டு பேரை அனுப்பி வைக்கவா?” என்றார். சிரித்தேன். பிறகு அவரே, “நான் கூப்பிடட்டுமா? நீ டீ குடிக்கிறியா?” என்றார். இரண்டு பேருக்கும் கூச்சமாகப் போய்விட்டது. “குடிக்கிறீங்களா” என்று மாற்றிக்கொண்டார்.

இவ்வளவு தூரம் எழுதி நிறுத்தி வைத்திருந்தேன். முடிவு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. வீடியோ போன். திரையில் மகள் இல்லை. பேத்தி. முன்பல் முளைத்திருந்தது, இரண்டும் பெரிசாக. நேராக உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“தாத்தா, வணக்கம். நீங்க எப்படி இருக்கீங்க? நீங்க சாப்பிட்டீங்களா?”

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க வேண்டியதில்லை. நல்ல பிள்ளை என்று சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கோ கையிலிருந்து கண்ணாடி விழுந்து உடைந்த மாதிரி இருந்தது. “கால்ல குத்திரும்” என்று யாரோ சொல்வது மாதிரி இருந்தது. அவள் தண்டிக்கவில்லை, தெரியும். ஏழு வயசுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனாலும் அதே ‘நீங்க’.

நான் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கி வளர்ந்தவன் இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

“தாத்தாவை முன்ன மாதிரி ‘நீ’ன்னு சொல்லும்மா.”

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “நஹீ. மம்மா சொன்னாங்க, நீங்க.”

“மம்மாகிட்ட தாத்தா சொல்லிக்கிறேன்.”

யோசித்தாள். பிறகு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, “மாரோகே தோ நஹீ?” என்று கேட்டாள். அடிக்க மாட்டியே?

“அடிக்க மாட்டேன்.”

“பிராமிஸ்?”

“பிராமிஸ்.”

என் பேச்சை அவள் நம்பவில்லை. அது முகத்தில் தெரிந்தது. ஆனால் போனை ஒரு தடவை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். பிறகு அவளுக்கே ஒன்று விளங்கி, புதுப் பல் தெரியச் சிரித்தாள்.

“போன்ல எப்படி அடிப்பே? உன் கை வராதே!”

“வராது” என்றேன்.

“அப்ப சரி. நீ சாப்பிட்டியா?”

சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்றேன். மீன் குழம்பா என்றாள். ஆமாம் என்றேன். நீ பொய் சொல்ற என்றாள். எத்தனை ‘நீ’ வந்தது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை, எண்ணினேன். ஒன்பது. கடைசியில், வைக்கப் போகிற நேரத்தில், தைரியம் வந்து கேட்டேன்.

“லீவுக்கு இங்க வருவியா?”

“வருவேன். மம்மா வந்தா வருவேன்.”

“வந்தா தாத்தாவை எப்படிக் கூப்பிடுவே?”

இதற்கு அவள் யோசிக்கவே இல்லை.

“போன்ல நீ. அங்க வந்தா நீங்க.”

சரி என்றேன்.